போர்டு செய்யும் ஊரில் போர்டு பஞ்சம்!

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வரலாம். எலெக்ட்ரானிக் போர்டுக்குப் பஞ்சம் வரலாமா?

வந்திருக்கிறது. புது யந்திரங்களுக்கு வேண்டிய மட்டும் கிடைக்கிறது. பழைய யந்திரங்களுக்குத்தான் பஞ்சம்.

யந்திரம் நன்றாக இருக்கும். இரும்பு தேயவில்லை. மோட்டார் சுற்றுகிறது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. அது மட்டும் செத்துப்போகும். மாற்றுப் போர்டு கேட்டால், "இப்போது அது வருவதில்லை" என்பார்கள். அவ்வளவுதான். யந்திரம் முழுவதும் காயலான் கடைக்குப் போய்ச் சேரும்.

தேர் நல்ல தேர். அச்சாணி இல்லை. அதற்காகத் தேரை விறகுக்கு விற்பது உண்டா?

இந்த அநியாயத்தைத் தடுக்க முடியும். தடுக்கத் தகுந்த இடமும் ஸ்ரீபெரும்புதூர்தான்.

விஷயம் விளங்குவதற்கு ஒரு சின்னப் பொருளைப் பார்க்கலாம். அதன் பெயர் பிளாப்பி டிரைவ்.

பிளாப்பி என்றால் என்ன?

கம்ப்யூட்டரில் எழுதியதைச் சேமித்து வைக்க ஒரு பொத்தான் உண்டு. அதில் சதுரமாக ஒரு படம் இருக்கும். அந்தப் படம்தான் பிளாப்பி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் படத்தைத் தினமும் பார்க்கிறார்கள். பொருளைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வட்டம். மேலே காந்தப் பூச்சு. டேப் ரிக்கார்டர் நாடாவில் பாட்டு பதிகிறது அல்லவா? அதே போல, இந்த வட்டத்தில் எழுத்தும் கணக்கும் பதியும். வட்டம் கசங்காமல் இருக்க வெளியே சதுரமான உறை.

இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி. வருஷம் 1971. அப்போது அதன் அகலம் 8 அங்குலம். கிட்டத்தட்ட ஒரு சாப்பாட்டுத் தட்டு! 1976-ல் அது 5¼ அங்குலமாகக் குறைந்தது. பிறகு ஜப்பானின் சோனி கம்பெனி 3½ அங்குலத்தில் செய்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

சட்டைப் பையில் போகும் பிளாப்பியில் எவ்வளவு எழுதலாம்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் 80 வளையங்கள். இரண்டு பக்கம் உண்டு. ஒவ்வொரு வளையத்திலும் 18 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 512 ஆங்கில எழுத்துகள். பெருக்கினால் 14,74,560 வரும். ஒரு பெரிய கதைப் புத்தகம் அடங்கிவிடும். ஆனால், இன்று செல்போனில் எடுக்கிற ஒரு நல்ல போட்டோ அடங்காது.

பிளாப்பியைப் போட்டுப் படிக்கிற கருவிதான் பிளாப்பி டிரைவ்.

சோனி கம்பெனி 2011 மார்ச்சு மாதத்தோடு பிளாப்பி விற்பதை நிறுத்தியது. அதோடு கதை முடிந்தது என்று உலகம் நினைத்தது.

இன்னுமா ஓடுகிறது?

ஓடுகிறது.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம் இருக்கிறது. அங்கே சுரங்கப் பாதையில் ஓடும் ரெயிலை நடத்துவதற்கு 1998-ல் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்தார்கள். காலையில் பிளாப்பியைப் போட்டால்தான் அது வேலையைத் தொடங்கும். அதை மாற்றுவதற்கு 2024 அக்டோபரில்தான் ஒப்பந்தம் போட்டார்கள். செலவு 21 கோடி டாலருக்கு மேல்.

அதே 1998-ல்தான் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில், ஹுண்டாய் தொழிற்சாலையின் 'சான்ட்ரோ' கார் விற்பனைக்கு வந்தது. அந்த வருஷத்து யந்திரம் ஒன்றும் ஆதி காலத்து யந்திரம் அல்ல என்பதற்காக இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

போயிங் 747-400 விமானத்துக்கு வழி காட்டும் விவரங்களை 28 நாளுக்கு ஒரு தடவை புதுப்பிக்கவேண்டும். அந்த விவரங்கள் பிளாப்பியில் ஏறி வந்ததை 2020-ல் உலகம் பார்த்து வியந்தது. ஜப்பான் சர்க்காரின் விதிகளில் "பிளாப்பியில் கொடு" என்று ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் எழுதியிருந்தது. 2024-ல்தான் அவற்றை ஒழித்துக் கட்டினார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1980-க்குப் பிறகும் 1990-க்குப் பிறகும் வெளிநாட்டிலிருந்து வந்த கம்ப்யூட்டர் லேத்துகளில் பிளாப்பி டிரைவ் வைத்தவை உண்டு. சேலைக்கும் ரவிக்கைக்கும் பூ வேலை செய்கிற கம்ப்யூட்டர் எம்பிராய்டரி யந்திரங்களில் உண்டு. கச்சேரிகளில் வாசிக்கும் கீ-போர்டுகளிலும் உண்டு. யந்திரம் வாங்கியபோது லட்சக்கணக்கில் பணம் கொடுத்திருப்பார்கள். பாங்கிக் கடன் அடைந்து, யந்திரம் சொந்தமாகி, அப்பாடா என்று உட்காரும் நேரத்தில், டிரைவ் நின்றுவிடும்!

எது சாகிறது?

ஒரு பிளாப்பி டிரைவில் இரண்டு பாதி உண்டு.

ஒன்று, அசையும் பாதி. தட்டைச் சுற்றுவதற்கு ஒரு மோட்டார். அது நிமிஷத்துக்கு 300 சுற்று சுற்றும். வளையத்துக்கு வளையம் அடி எடுத்து வைக்க இன்னொரு மோட்டார். தட்டைத் தொட்டுப் படிக்கும் ஹெட்.

மற்றொன்று, போர்டு. மோட்டார் ஒரே வேகத்தில் சுற்றும்படி பார்த்துக்கொள்வது அதுதான். ஹெட் எங்கே நிற்கவேண்டும் என்று உத்தரவு போடுவதும் அதுதான். ஹெட் படித்துக் கொடுக்கும் மின்சாரம் மிகவும் பலவீனமானது. ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்கு போட்டு, அதில் சில பங்கு! அதைப் பெரிதாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவதும் போர்டுதான்.

அசையும் பாதி சுலபத்தில் சாவதில்லை. தூசு படியும். கிரீஸ் காய்ந்து பிசினாகும். மிகப் பழைய டிரைவ்களில் ரப்பர் பெல்ட் தளர்ந்துவிடும். துடைத்து, எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றினால் எழுந்து உட்காரும்.

போர்டு அப்படி அல்ல. அதில் சின்னச் சின்னக் கண்டன்சர்கள் இருக்கின்றன. மின் விசிறியில் இருக்கிறதே, அந்தக் கண்டன்சருக்குத் தம்பிகள். இருபது, முப்பது வருஷம் ஆனால் இவற்றுக்குள் இருக்கும் திரவம் கசியும். கசிந்து, போர்டில் ஓடுகிற செம்புக் கோடுகளை அரிக்கும். கோடு அறுந்தால் மின்சாரம் போகாது. கண்டன்சரை மட்டும் முன்கூட்டி மாற்றியிருந்தால் சில ரூபாயில் முடிந்திருக்கும். யாரும் மாற்றுவதில்லை. ஓடுகிற யந்திரத்தை யார் திறந்து பார்க்கிறார்கள்?

சிப்பும் சில சமயம் போய்விடும். அந்தச் சிப்பைச் செய்த கம்பெனி அதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருக்கும். இன்னொரு செத்த டிரைவிலிருந்து கழற்றிப் போடலாம். அது எத்தனை நாளைக்கு? செத்த டிரைவும் ஒரு நாள் தீர்ந்துபோகுமே!

புதுப் போர்டு போட முடியுமா?

முடியும். உலகில் பல இடங்களில் பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். வழி இதுதான்.

பழைய போர்டைக் கழற்றி இரண்டு பக்கமும் போட்டோ எடுப்பார்கள். மீட்டரை வைத்து, எந்தக் கோடு எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார்கள். அதைப் படமாக வரைவார்கள். பொறுமை வேண்டிய வேலை. எறும்பு போகிற பாதையைப் பின்பற்றுவது போல.

பிறகு, கிடைக்காத பழைய சிப்புக்குப் பதில் இன்று கடையில் கிடைக்கும் சிப்பைப் போட்டு, படத்தைத் திருத்துவார்கள். பத்துச் சிப் செய்த வேலையை இன்று ஒரே சிப் செய்துவிடும். முன்பு போர்டு எந்த அளவோ, புதுப் போர்டும் அதே அளவு. அதே இடத்தில் திருகு ஓட்டை. அதே 34 முள் கேபிள். யந்திரத்துக்கு ஆள் மாறியதே தெரியக்கூடாது!

எல்லா டிரைவுக்கும் இது நடக்காது. சிலவற்றில் மோட்டாரின் கம்பிச் சுருளே போர்டில் ஒட்டியிருக்கும். அதை மறுபடி செய்வது கஷ்டம். அதை விட்டுவிட வேண்டியதுதான்.

இன்னொரு வழியும் உண்டு. டிரைவை அடியோடு கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தலாம். 'கோட்டெக்' என்று சொல்லுகிற சீனப் பெட்டி. அதில் பென் டிரைவைச் சொருகினால், யந்திரம் அதையே பிளாப்பி என்று நம்பிவிடும். எம்பிராய்டரி யந்திரத்துக்கும் லேத்துக்கும் இதுவே சிக்கனம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பழைய டிரைவைத்தான் பொருத்துவேன் என்று பிடிவாதம் பிடிப்பது பணக்காரப் பொழுதுபோக்கு.

ஆனால், ஏற்கெனவே எழுதி வைத்த பிளாப்பியைப் படிக்க அந்தப் பெட்டியால் முடியாது. அதற்கு அசல் டிரைவ்தான் வேண்டும். தமிழ்ப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் அச்சுக்கோக்கத் தொடங்கிய காலத்தில், பக்கங்கள் பிளாப்பியில்தான் அச்சகத்துக்குப் போயின. அப்பா எழுதிய கதை, அண்ணன் எழுதிய ஆராய்ச்சி, சங்கத்தின் கணக்கு - எதெதுவோ அலமாரியில் கிடக்கிறது. காந்தப் பதிவு வருஷம் ஆக ஆக மங்கும். டிரைவ் இல்லாமல் காத்திருந்தால், டிரைவ் வரும்போது எழுத்து இருக்காது.

எதற்கு ஸ்ரீபெரும்புதூர்?

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரோட்டில் இருக்கிறது ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர் என்று ஊருக்குப் பழைய புகழ். புதிய புகழ், தொழிற்சாலைகளால் வந்தது.

2006-ல் நோக்கியா கம்பெனி அங்கே செல்போன் செய்யத் தொடங்கியது. நல்ல காலத்தில் சுமார் 8,000 பேர் வேலை பார்த்தார்கள். நிறையப் பேர் இளம் பெண்கள். கிராமத்திலிருந்து பஸ்சில் வந்தவர்கள். 2014 நவம்பர் 1-ந் தேதி அந்தத் தொழிற்சாலை நின்றது. 2020-ல் அதே இடத்தில் பின்லாந்தின் சால்காம்ப் கம்பெனி சார்ஜர் செய்ய வந்தது. சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் கம்பெனி ஐபோன் செய்கிறது. 2024-25-ல் தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு போன எலெக்ட்ரானிக் சாமான்களின் மதிப்பு 1,400 கோடி டாலருக்கு மேல்.

போர்டில் கடுகு அளவு பாகங்களைப் பதிப்பது எப்படி? முதலில் ஈயக் களிம்பு போல ஒரு பசையை, கோலத் தகடு மாதிரி ஓட்டை போட்ட தகட்டின் வழியாக அச்சடிப்பார்கள். (இன்று பெரும்பாலும் அதில் ஈயம் கிடையாது. வெள்ளீயமும் கொஞ்சம் வெள்ளியும் செம்பும்தான்.) பிறகு யந்திரம் பாகங்களை ஒவ்வொன்றாகக் கொத்தி வைக்கும். கோழி தானியம் கொத்துவது போல வேகம். கடைசியில் போர்டு அடுப்புக்குள் போகும். பசை உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது சரியா என்று பார்க்கக் கூர்மையான கண்ணும், பழகிய கையும் வேண்டும்.

அந்தக் கண்ணும் கையும் காஞ்சிபுரம் ஜில்லாவில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தொழிற்சாலை மூடியபோது வீட்டுக்குப் போனவர்களிடம் இருக்கின்றன. கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, இரவு ஷிப்டுக்குப் போக முடியாமல் நின்றவர்களிடம் இருக்கின்றன. அந்தத் திறமை சும்மா கிடக்கிறது.

உதிரி பாகம் வாங்கச் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது. பழைய யந்திரம் வைத்துக்கொண்டு தவிக்கும் பட்டறைகள் அம்பத்தூரிலும் கிண்டியிலும் இருக்கின்றன. எல்லாம் ஒரு பஸ் தூரம்.

இவ்வளவும் இருந்து, 50 போர்டு செய்து கொடுக்க ஆள் இல்லை என்றால் யாரை நோவது?

ஏன் செய்யவில்லை?

காரணம் கணக்கு. பெரிய தொழிற்சாலை லட்சக்கணக்கில் ஒரே போர்டைச் செய்யும். யந்திரத்தை ஒரு தடவை தயார் செய்தால் நாள் முழுவதும் அதே ஓட்டம். 50 போர்டுக்காக ஓட்டத்தை நிறுத்தினால் நஷ்டம். பெரிய கம்பெனியைத் திட்டிப் பயன் இல்லை. திமிங்கிலத்தை விட்டு அயிரை மீன் பிடிக்க முடியாது.

இதற்குத் தனியாக ஒரு சின்னக் கொட்டகை வேண்டும். ஒரு சிறிய பதிக்கும் யந்திரம். ஒரு சின்ன அடுப்பு. பத்து மேஜை. வரைபடம் போடத் தெரிந்த இரண்டு பேர். பட்டறைக்காரர்கள் கூலி கொடுத்து வேலை வாங்கிக்கொள்ளலாம். பிளாப்பி டிரைவோடு இது நிற்காது. லேத்து போர்டு, தறி போர்டு, ஆஸ்பத்திரியில் மூலையில் கிடக்கும் கருவியின் போர்டு, வீட்டு வாஷிங் மெஷின் போர்டு - எல்லாவற்றுக்கும் வித்தை ஒன்றுதான்.

பணம் எங்கே என்று கேட்கலாம். 2025 மார்ச்சில் மத்திய சர்க்கார் எலெக்ட்ரானிக் உதிரி பாகத் தொழிலுக்கு 22,919 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஏப்ரலில் தமிழக சர்க்காரும் அதற்கு இணையாக ஒரு திட்டம் போட்டது. வல்லம்-வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கு 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு 2024 ஆகஸ்டில் கட்டிடம் திறந்தார்கள். நல்ல காரியம். அந்தச் செலவில் ஒரு மாடிப்படிக்கு ஆன பணம் போதும், இந்தக் கொட்டகைக்கு.

கம்பெனிகளின் கடமை

கொட்டகை மட்டும் போதாது. வரைபடமும் வேண்டும்.

ஒரு கம்பெனி ஒரு யந்திரத்தைச் செய்வதை நிறுத்துகிறது. உதிரி பாகமும் தருவதில்லை. சரி. அந்தப் போர்டின் வரைபடத்தையாவது கொடுக்கலாமே? அதை வைத்து அந்தக் கம்பெனி இனி ஒரு காசு சம்பாதிக்கப் போவது இல்லை. ஆனாலும், பூட்டி வைத்திருக்கிறார்கள். வைக்கோல் போரில் நாய் படுத்த கதை!

"ரகசியம் வெளியே போகும்" என்பார்கள். முப்பது வருஷத்துக்கு முந்திய பிளாப்பி டிரைவில் என்ன ரகசியம்?

"கண்டவர்கள் கை வைத்தால் ஆபத்து" என்பது இன்னொரு பதில். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ரெயிலை நடத்தும் கம்ப்யூட்டருக்குப் பட்டறைப் போர்டு போடக்கூடாது. சான் பிரான்சிஸ்கோ செய்தது போல முழுவதையும் மாற்றுவதே சரி. உயிரோடு விளையாடும் யந்திரங்களுக்குச் சோதனையும் முத்திரையும் வேண்டும். எம்பிராய்டரி யந்திரத்தில் பூவுக்குப் பதில் இலை விழுந்தால் யாருக்கு ஆபத்து?

"பழுது பார்க்கும் உரிமை" என்று இந்தியாவில் பேச்சு தொடங்கியது 2022-ல். விவசாயக் கருவி, செல்போன் முதலிய எலெக்ட்ரானிக் சாமான், வீட்டுச் சாமான், வாகனம் என்று நான்கு துறைகளை மத்திய சர்க்கார் எடுத்துக்கொண்டது. பட்டறை யந்திரம் அந்தப் பட்டியலில் இல்லை. சேர்க்கவேண்டும். விற்பனை நின்று இத்தனை வருஷம் ஆனால் வரைபடத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டமும் வேண்டும். பத்து வருஷம் என்று வைக்கலாம்.

குப்பையையும் பார்க்கவேண்டும். 2019-20-ல் மட்டும் இந்தியாவில் 10 லட்சம் டன்னுக்கு மேல் எலெக்ட்ரானிக் குப்பை சேர்ந்ததாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு. பழைய போர்டில் ஈயம் இருக்கிறது. செம்பு எடுப்பதற்காக அதைத் தெருவில் போட்டுக் கொளுத்தினால், புகை முதலில் போவது கொளுத்துகிற ஏழையின் நெஞ்சுக்குள்.

அந்தக் காலத்தில் தெருவில் ஒரு குரல் கேட்கும். "பாத்திரத்துக்கு ஈயம் பூசலையோ!" பித்தளைப் பாத்திரம் களிம்பு ஏறினால் யாரும் பாத்திரத்தைத் தூக்கிப் போடவில்லை. ஈயக்காரர் திண்ணை ஓரம் துருத்தி வைத்து ஊதுவார். ஒரு மணி நேரத்தில் பாத்திரம் பளபளக்கும். போர்டுக்காரரின் வேலையும் ஈய வேலைதான். துருத்திக்குப் பதில் சால்டரிங் கோல்!

வீட்டில் பிளாப்பி இருக்கிறதா?

இருந்தால், கிடைத்த டிரைவில் உடனே சொருகக்கூடாது. அழுக்கு ஹெட் தட்டைச் சுரண்டிவிடும்.

முதலில், உறையின் உலோக மூடியை மெல்ல ஒதுக்கிப் பார்க்கவேண்டும். உள்ளே வெள்ளையாகப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சை. அதைத் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. விரலால் தொடக்கூடாது.

3½ அங்குலப் பிளாப்பியின் மூலையில் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் தள்ளி, ஓட்டை தெரியும்படி வைக்கவேண்டும். அப்போது கம்ப்யூட்டர் படிக்கும், அழிக்காது. ஒலிபெருக்கிப் பக்கம் வைக்கக்கூடாது. அதில் காந்தம் இருக்கிறது.

பிறகு, நன்றாக ஓடுகிற டிரைவ் வைத்திருப்பவரிடம் கொண்டு போய், ஒரே தடவையில் முழுவதையும் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய தமிழ் எழுத்துகள் திறந்ததும் புரியாத குறிகளாகத் தெரியலாம். பயப்படவேண்டாம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தமிழ் எழுத்துக்குத் தனித்தனி முறை வைத்திருந்தது. எந்த எழுத்துரு என்று தெரிந்தால், இன்றைய தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம்.